ஃப்ளூரின் இல்லாத தீயணைப்பு ஃபோம், அஞ்சு மாசம் வச்சு பாத்தாச்சு: கப்பலூர் குடோன்ல இருந்து ஒரு ரிவியூ

மொதல்லயே சொல்லிடுறேன், இது போன் ரிவியூ பைக் ரிவியூ மாதிரி ஆசப்பட்டு வாங்கி எழுதுறது இல்ல. காசு குடுத்து வாங்கிட்டு, சாமி இத ஒரு நாளும் நெசத்துக்கு எடுக்குற மாதிரி வச்சிராதனு கும்பிட்டுக்குற ஐட்டம். மதுரை கப்பலூர் பக்கம் எங்க மாமாவோட பெயின்ட், தின்னர் குடோன நான்தான் பாத்துக்குறேன். டர்பன்டைன், என்சி தின்னர் (அசிட்டோன், ஆல்கஹால் மாதிரி சரக்கு கலந்த தின்னர்), ஐபிஏ (ஐசோப்ரோபைல் ஆல்கஹால்), அப்பறம் பெயின்ட் டின்னு எல்லாம் பேரல் பேரலா கெடக்கும், வாசல்ல பீடியோட ஒருத்தன் வந்து நின்னாலே எனக்கு வயிறு கலங்கும். அதனால ஃபயர் சாமான்ல மாமா கஞ்சத்தனம் பண்ணது கெடையாது. 9 லிட்டர் மெக்கானிக்கல் ஃபோம் சிலிண்டர் பதினாலு, 50 லிட்டர் ட்ராலி ரெண்டு, இது போக இண்டக்டர் (ஓடுற தண்ணில கேன்ல இருந்து ஃபோம இழுத்து கலக்குற சாமான்), ஹோஸ், ப்ராஞ்ச் பைப்போட (நுரை அடிக்கிற குழாய்) ஒரு ஃபோம் வண்டி. எல்லாத்துலயும் பழைய ஏ ட்ரிபிள் எஃப் (AFFF)ங்குற ஃப்ளூரின் கலந்த ஃபோம்தான் இருந்துச்சு.

மாத்தணும்ங்குற நெனப்பு நமக்கா வரல, அதையும் ஒத்துக்குறேன். எங்ககிட்ட தின்னர் எடுக்குற கம்பெனி ஒண்ணுக்கு ஐரோப்பாவுல தலைமை ஆபீஸ். அவங்க ஒரு ஃபார்ம் அனுப்பிச்சாங்க, அதுல இருபத்தி நாலாவது கேள்வி உங்க தீயணைப்பு ஃபோம்ல பிஃபாஸ் (PFAS) இருக்கா இல்லையா. நான் ஏதோ பூச்சி மருந்துனு நெனச்சு இல்லனு டிக் பண்ணப் போயிட்டேன். எங்க ஸ்டோர் பாக்குற அண்ணே தான் "தம்பி, தெரியாம டிக் பண்ணாத, நாளைக்கு நம்ம தலையில விடியும், கேன் மேல என்ன எழுதியிருக்குண்டு பாப்போம் வா"ன்னாரு. போய் பாத்தா கேன் மேல பெருசா ஒண்ணும் எழுதல, டீலர்கிட்ட எம்எஸ்டிஎஸ் (சரக்குல என்ன இருக்கு, என்ன ஆபத்துனு சொல்ற தகவல் தாள்) கேட்டு வாங்குனா மூணாவது பகுதில ஃப்ளூரோ சர்ஃபாக்டன்ட்னு (ஃப்ளூரின் கலந்த சோப்பு, பிஃபாஸ் வகையறா) ஒரு வரி, பக்கத்துல ட்ரேட் சீக்ரெட். அம்புட்டுதான்.

அதுக்கப்பறம் ரெண்டு வாரம் இதையே படிச்சேன், ராத்திரி தூக்கம் போச்சு. விஷயம் என்னன்னா, 1960கள்ல அமெரிக்க கடற்படை ஆராய்ச்சிக்கூடமும் 3எம் கம்பெனியும் சேந்து கண்டுபிடிச்சது இந்த ஏ ட்ரிபிள் எஃப். எண்ணெய் மேல தண்ணி நிக்காது, நமக்கு தெரியும், அடியில போயிரும். ஃப்ளூரின் கலந்த சோப்ப தண்ணில விட்டா தண்ணியோட பரப்பு இழுவிசை அடியோட கொறஞ்சு பெட்ரோல் மேலயே மெல்லிசா ஒரு படலமா பரவிடும், ஆவி மேல வராது, தீ பொசுக்குனு அணைஞ்சிடும். 1967ல ஃபாரஸ்டல்ங்குற விமானந்தாங்கி கப்பல் தீப்பிடிச்சு 134 பேரு செத்த பிறகு இந்த ஃபோம் கப்பல், ஏர்போர்ட், ரிஃபைனரினு எல்லா எடத்துக்கும் போயிடுச்சு. வேலைய பொறுத்தவரைக்கும் அது ராஜா, அதுல ரெண்டாவது பேச்சே இல்ல.

ஆனா அந்த சோப்புல கார்பனும் ஃப்ளூரினும் புடிச்சுக்குற பிடி இருக்கே, இப்படி சேந்த ரசாயனக் குடும்பத்துக்குத்தான் பிஃபாஸ்னு பேரு, அந்த பிடி வெயிலுக்கும் விடாது மண்ணுல இருக்க கிருமிக்கும் விடாது. நெலத்தடி தண்ணில எறங்குனா அங்கயே கெடக்கும். மனுச ரத்தத்துல ஏறுனா பாதி கொறையவே வருசக்கணக்கு ஆகும். 3எம் காரங்களே 2000 மே மாசம் பிஃபாஸ் குடும்பத்துல ஒண்ணான பிஃபோஸ (PFOS) தயாரிக்கிறத நிறுத்தப் போறோம்னு அறிவிச்சாங்க. 2009ல பிஃபோஸ், 2019ல பிஃபோவா (PFOA), 2022ல பிஎஃப்ஹெச்எக்ஸ்எஸ் (PFHxS)னு இதே குடும்பத்துக்காரங்கள, அழியாத நச்சு ரசாயனங்கள தடுக்க நாடுகள் சேந்து போட்ட ஸ்டாக்ஹோம் ஒப்பந்தத்துல வரிசையா சேத்தாச்சு. 2023 கடைசில உலக சுகாதார நிறுவனத்தோட கேன்சர் ஆராய்ச்சி அமைப்பு பிஃபோவாவ கேன்சர் வரவைக்கும்னு உறுதியான மொதல் பட்டியல்லயே போட்டுருச்சு. 2024 ஏப்ரல்ல அமெரிக்காவுல குடிதண்ணில பிஃபோஸ், பிஃபோவா ஒவ்வொண்ணுக்கும் வச்ச அளவு லிட்டருக்கு 4 நானோகிராம். இந்த நம்பர் எனக்கு மண்டையில ஏறல, அதனால கால்குலேட்டர்ல போட்டு பாத்தேன். 1 கிராம் பிஃபோஸ் இருந்தா 25 கோடி லிட்டர் தண்ணிய அந்த அளவுக்கு கொண்டு வந்து நிறுத்திடும். 1 கிராம்னா நம்ம டீயில போடுற சக்கரைல கால் ஸ்பூன்.

இத படிச்ச அன்னைக்கு எனக்கு எங்க மாக் ட்ரில்தான் ஞாபகம் வந்துச்சு. வருசா வருசம் பாதுகாப்பு வாரத்துக்கு குடோன் பின்னாடி ஃபோம் அடிச்சு காட்டுவோம். பக்கத்து கம்பெனி பசங்க எல்லாம் வந்து அதுல குதிச்சு வெளாண்டு செல்ஃபி எடுப்பாங்க, ஊட்டில பனி பெஞ்ச மாதிரி இருக்கும், மாமா வடை டீ வாங்கி குடுப்பாரு. முடிஞ்சதும் ஹோஸ வச்சு அம்புட்டையும் பின்பக்க வாய்க்கால்ல தள்ளிவிடுவோம், அது நேரா கண்மாய்க்கு போகும். பத்து வருசத்துக்கு மேல இப்பிடித்தான். அவனியாபுரம் பக்கம் அயன்பாப்பாகுடி கண்மாய்ல நுரை பொங்குனத எல்லாரும் போன்ல பாத்து ச்சீனு சொன்னோம்ல, எங்களது மறுநாளே நுரை அடங்கிடும், அதனால ஒண்ணுமில்லனு நெனச்சோம். நுரை போனதுதான் போச்சு, சரக்கு அங்கயேதான் கெடக்கு. எங்க போர் தண்ணி அந்த கண்மாய் ஊத்துலதான் வருது.

சரி ரிவியூக்கு வரேன்.

மொத டீலர் கதை. இவரு பேரு ஊரு சொல்லல. போன்ல பிஃபாஸ் இல்லாத ஃபோம் வேணும்னு கேட்டதுமே "இருக்கு சார், ஈகோ ஃப்ரெண்ட்லி, நீங்க கேக்குற அதே சரக்கு"ன்னாரு. ரேட்டும் பழச விட கொஞ்சம்தான் கூட. சாம்பிள் கேன் வந்துச்சு, பச்சை கலர் எலை படம் போட்டு பிஃபோஸ் ஃப்ரீனு பெருசா அச்சடிச்சிருந்தான். எனக்கு அப்ப கொஞ்சம் வெவரம் வந்திருச்சுல்ல, சின்ன எழுத்த படிச்சேன், சி6 டெக்னாலஜினு இருந்துச்சு. மக்களே இதான் கண்ணி, நல்லா கவனிங்க. சி8னா எட்டு கார்பன் சங்கிலி, பிஃபோஸ் பிஃபோவா எல்லாம் அந்த வகையறா. அதுக்கு பேரு கெட்டதும் ஆறு கார்பனா கொறச்சு சி6னு விக்க ஆரம்பிச்சாங்க. சங்கிலிதான் கொறஞ்சிருக்கு, ஃப்ளூரின் அப்படியே இருக்கு, அதுவும் பிஃபாஸ்தான். பெரியப்பா மகனுக்கு பதிலா சித்தப்பா மகன கூட்டியாந்து "வேற ஆளு சார்"னு நிறுத்துன மாதிரி. திருப்பி அனுப்புனேன், கூரியர் காசு என் தலையில.

அதனால நீங்க வாங்குனா கேக்க வேண்டிய வார்த்தை "பிஃபோஸ் ஃப்ரீ" கெடையாது, "ஃப்ளூரின் ஃப்ரீ", தொழில்ல எஃப்3னு சொல்லுவாங்க. வாய்ச்சொல்லு பத்தாது, மொத்த ஃப்ளூரின் அளவு டெஸ்ட் ரிப்போர்ட் குடுனு கேளுங்க. ஐரோப்பாவுல 2025 அக்டோபர்ல கொண்டு வந்த சட்டத்துல ஃபோம்ல எல்லா பிஃபாஸும் சேத்து லிட்டருக்கு 1 மில்லிகிராம்தான் எல்லை, அதுக்கு கீழ இருக்கானு பாத்துக்கங்க. ரெண்டாவது டீலர், கோயம்புத்தூர்க்காரரு, கேட்ட அன்னைக்கே ரிப்போர்ட்ட வாட்ஸப்ல போட்டுட்டாரு. அவருகிட்டதான் எடுத்தோம். 3 சதவீதம் (நூறு லிட்டர் கலவைல 3 லிட்டர் ஃபோம்), ஆல்கஹால் ரெசிஸ்டன்ட் (ஆல்கஹாலுக்கு தாங்குற) வகை, 25 லிட்டர் கேன். வெலை பழச விட ஒன்றரை மடங்குக்கு மேல. மாமா பில்ல பாத்துட்டு அரை மணி நேரம் என்கிட்ட பேசல.

ஏன் ஆல்கஹால் ரெசிஸ்டன்ட், அத கட்டாயம் சொல்லணும், ஏன்னா இந்த மாத்துற வேலைல எனக்கு கெடைச்ச பெரிய அதிர்ச்சியே இதான். அந்த கோயம்புத்தூர் அண்ணே வந்தப்ப நீங்க என்ன ஸ்டாக் வச்சிருக்கீங்கனு கேட்டாரு, என்சி தின்னர், ஐபிஏனு சொன்னேன். உங்க பழைய ஃபோம் சாதாரண ஏ ட்ரிபிள் எஃபா ஏஆர் (ஆல்கஹால் ரெசிஸ்டன்ட்) போட்டதானு கேட்டாரு. சாதாரணம்னேன். சிரிச்சாரு. ரெண்டு கண்ணாடி டம்ளர் எடுத்துட்டு வரச்சொல்லி ரெண்டுலயும் பாதி பாதி என்சி தின்னர் ஊத்துனாரு. பழைய ஃபோம கொஞ்சம் தண்ணில கலக்கி பாட்டில்ல குலுக்கி நுரையா ஒரு டம்ளர்ல போட்டாரு, வெயில்ல கோலி சோடா ஒடைச்ச மாதிரி சொய்ய்ங்னு அம்புட்டும் எண்ணி பத்து செகண்டுல காணோம், தின்னர் அப்படியே கண்ணாடியா நிக்குது. புதுச இன்னொண்ணுல போட்டாரு, அடிப்பக்கம் தின்னர தொட்ட எடத்துல பால்ல ஆடை படியுற மாதிரி ஒரு வழுவழு படலம் உண்டாகி நுரை அது மேல மெத்தை மாதிரி உக்காந்துகிச்சு. கால் மணி நேரம் கழிச்சு பாத்தாலும் இருக்கு. அசிட்டோன், ஆல்கஹால் மாதிரி தண்ணியோட கலக்குற சரக்கு நுரைல இருக்க தண்ணிய உறிஞ்சி நுரைய கொன்னுடும், அதுக்கு தடையா அந்த ஆடை வேணும். அப்ப இத்தன வருசமா பதினாலு சிலிண்டரையும் செவுத்துல மாட்டி ஆயுத பூஜைக்கு சந்தனம் குங்குமம் வச்சோமே, தின்னர் பேரல் தீப்பிடிச்சிருந்தா அது ஒண்ணுக்கும் ஆகியிருக்காது. மாமா அந்த டம்ளரையே பாத்துக்கிட்டு நின்னாரு, அதுக்கப்பறம் பில்லு பத்தி வாயே தெறக்கல.

பெட்ரோல் பங்க் வச்சிருக்கவங்களும் இத யோசிங்க. இப்ப பங்க்ல வர்றது இ20, நூத்துக்கு இருபது எத்தனால். பழைய காலத்து வெறும் பெட்ரோலுக்குனு வாங்குன ஃபோம் கேன் இன்னும் கெடந்தா, அது எத்தனாலுக்கு தாங்குமானு லேபிள ஒருக்கா பாத்துடுங்க, பிஃபாஸ் பிரச்சனைய விட்டாலும்.

இப்ப சரக்கு எப்படி. கேன தெறந்ததும் மொத ஆச்சரியம் அதோட கெட்டித்தன்மை. பழைய ஃபோம் தேங்காண்ணெய் மாதிரி ஓடும். இது ஜிகர்தண்டால போடுற ஊறுன பாதாம் பிசின் மாதிரி திமுதிமுனு இருக்கு, கேன சாய்ச்சா யோசிச்சு யோசிச்சு வருது. சும்மா இருந்தா கெட்டி, வேகமா கலக்குனா எளகிடும், அதுல போடுற பசையோட கொணம் அது. நாத்தம் அதிகமில்ல, பாத்திரம் வெளக்குற லிக்விட் வாசனதான்.

இந்த கெட்டியிலதான் ரெண்டாவது அடி விழுந்துச்சு. "ஃபோம மட்டும் மாத்துனா போதும், வண்டி அதே வண்டிதான்"னு நானா நெனச்சுக்கிட்டேன், இன்னும் ரெண்டு மூணு பேரு அப்படித்தான் சொன்னாங்க. நம்பாதீங்க. எங்க ப்ராஞ்ச் நிமிசத்துக்கு 225 லிட்டர், அதுல 3 சதவீதம்னா ஒரு நிமிசத்துல கேன்ல இருந்து 6.75 லிட்டர் எறங்கணும். கேன் வெளிப்பக்கம் ஸ்கேல் வச்சு மார்க்கர்ல லிட்டர் லிட்டரா கோடு போட்டு, போன்ல ஸ்டாப்வாட்ச் ஓட விட்டு பழைய இண்டக்டர்ல இழுத்து பாத்தோம். நிமிச முடிவுல 4 லிட்டர் கூட முழுசா எறங்கல. கணக்கு பாத்தா ரெண்டு சதவீதத்துக்கும் கீழ. வர்ற நுரை ரவா தோசை மாவு மாதிரி தண்ணியா ஓடுது. இதே ஒரு தீயில நடந்திருந்தா "புது ஃபோம் வேஸ்ட்"னு ஊரே சொல்லியிருக்கும். கெட்டி சரக்குக்குனு இருக்க இண்டக்டரும் அகலமான பிக்கப் ட்யூபும் தனியா வாங்கி மாட்டுனோம், அப்பறம் 6.5க்கு வந்துச்சு. நீங்க எந்த பிராண்ட் வாங்குனாலும் இந்த மார்க்கர் கோடு டெஸ்ட் பண்ணாம காச குடுக்காதீங்க, பத்து ரூவா மார்க்கர்தான்.

நாசில் விஷயமும் அப்படியே. பழைய ஃபோம் படலத்துல வேலை செஞ்சதால சாதாரண தண்ணி நாசில்ல அடிச்சாலும் ஓரளவு ஓடிரும். இதுல அந்த படலமே கெடையாது, நுரை மெத்தைதான் முழு ஆயுதம், அதனால காத்த உள்ள இழுத்து நல்லா நுரைக்க வைக்குற ஃபோம் ப்ராஞ்ச்தான் வேணும். எங்ககிட்ட ஒண்ணு இருந்துச்சு, இன்னொண்ணு வாங்குனோம்.

தீ டெஸ்ட்டுக்கு வரேன், இத தனியா வீட்ல பண்ணிப் பாக்காதீங்க, நாங்க ஃபயர் ஸ்டேஷன்ல சொல்லி அவங்க ஆளுக நிக்க வச்சுதான் பண்ணோம். வெல்டிங் பட்டறைல சொல்லி ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர்ல தகர ட்ரே. மொத ரவுண்டு டர்பன்டைன், ஒரு நிமிசம் நல்லா எரிய விட்டு புது 9 லிட்டர் சிலிண்டர்ல ஸ்டோர் அண்ணே அடிச்சாரு. முக்கால் நிமிசத்துல முழுசா போயிடுச்சு. பழைய ஃபோம் இத விட வேகமா அணைக்கும், ட்ரில்ல பல தடவ பாத்திருக்கேன், அத மறைக்க விரும்பல. ரெண்டாவது ரவுண்டு என்சி தின்னர். அண்ணே பழைய பழக்கத்துல ட்ரே நடுவுலயே ஓங்கி அடிச்சாரு பாருங்க, நுரை உள்ள முங்கி தின்னரயும் சேத்து தூக்கிட்டு வந்து தீ தலை ஒசரத்துக்கு குபீர்னு எந்திரிச்சுச்சு, நான் ரெண்டு எட்டு பின்னாடி போயிட்டேன், மாமா நாலு எட்டு. தீயணைப்பு அண்ணன் நிதானமா "நேரா குத்தாதீங்கண்ணே, எதிர் செவுத்துல அடிங்க, அது தானா வழிஞ்சு எறங்கட்டும், குழந்தைக்கு போர்வ போத்துற மாதிரி"ன்னாரு. ட்ரேயோட பின்பக்க தகரத்துல அடிக்க அடிக்க நுரை வழிஞ்சு ஓரத்துல இருந்து மூடிக்கிட்டே வந்து ஒன்றரை நிமிசத்துல அணைஞ்சுச்சு. அஞ்சு நிமிசம் கழிச்சு ஓரத்துல பந்தத்த காட்டுனோம், அந்த எடத்துல லேசா நக்கிட்டு பரவாம அடங்கிடுச்சு. இதுல நான் ரொம்ப திருப்தி.

ஆக, ஆளுகளுக்கு திரும்ப பழக்கணும். எங்க லோடுமேன் அண்ணன்க எட்டு பேருக்கும் வெறும் தண்ணிய வச்சு செவுத்துல அடிச்சு வழிய விடுற பழக்கத்த ரெண்டு ஞாயித்துக்கெழம குடுத்தோம். இதுக்கு பிரியாணி செலவு தனி.

தண்ணி பத்தியும் ஒரு சின்ன டெஸ்ட். எங்க போர் தண்ணி உப்பு, பக்கெட்ல ஒரு வாரத்துல வெள்ளையா பாறை கட்டும். அந்த தண்ணில நுரைக்குமானு சந்தேகம். கலர் கலக்க வச்சிருந்த பழைய மிக்ஸில 970 மில்லி தண்ணிக்கு 30 மில்லி ஃபோம்ங்குற கணக்குல கொஞ்சமா கலந்து ஒரு சுத்து விட்டு, ஒரு ஜார்ல போர் தண்ணி நுரை, ஒரு ஜார்ல கேன் தண்ணி நுரை, ரெண்டையும் வெயில் படாம வச்சு அடியில தண்ணி பிரியுறத பாத்தேன். கிட்டத்தட்ட ஒண்ணாத்தான் பிரிஞ்சுச்சு. லேப் டெஸ்ட் இல்ல, மனசு சமாதானத்துக்கு. வீட்டு மிக்ஸிய எடுத்துறாதீங்க, சட்னி ஆயுசுக்கும் நுரைக்கும்.

சிலிண்டர் விஷயத்துல ஒரு தப்பு பண்ண பாத்தோம். பழைய சிலிண்டர்லயே கழுவிட்டு புது ஃபோம் ரீஃபில் பண்ணிடலாம்னு மாமா ஐடியா. பண்ணல. ஐஎஸ்ஐ மார்க் குடுத்தது அந்த சிலிண்டரும் அந்த ஃபோமும் சேந்து டெஸ்ட் ஆனதுக்கு, உள்ள வேற சரக்க ஊத்திட்டா அது வெறும் செவப்பு டப்பா. அதோட பிஃபாஸ் உள்செவுத்துல படலம் படலமா ஒட்டிக்கிட்டு எத்தன தடவ கழுவுனாலும் கொஞ்சம் கொஞ்சமா விட்டுக்கிட்டே இருக்கும், புது ஃபோமும் தீட்டாயிடும். அதனால சிலிண்டர் புதுசு, வண்டியோட ப்ளாஸ்டிக் டேங்க் புதுசு, ஹோஸும் புதுசு. இரும்பு பைப் ரெண்டு மட்டும் கழுவி வச்சுகிட்டோம். கழுவுன தண்ணிய ஒரு சொட்டு வெளிய விடாம பேரல்ல புடிச்சோம். மொத தடவ கழுவுனப்ப பேரல் வாய் வரைக்கும் நுரை, மூணாவதுல கொறஞ்சுச்சு, ஆறாவது தடவயும் பாட்டில்ல புடிச்சு குலுக்குனா மேல ஒரு வளையம் நிக்குது. ஸ்டோர் அண்ணே அந்த பாட்டில வெளிச்சத்துல தூக்கி பாத்துட்டு "பங்காளி சண்ட மாதிரி, முடிஞ்சுருச்சுனு நெனச்சா எங்கிட்டாச்சும் ஒட்டிக்கிட்டு கெடக்கு"ன்னாரு. பழசையும் புதுசையும் ஒரே டேங்க்ல கலக்கவே கூடாது, அதையும் சொல்லிடுறேன். கட்டிதட்டி பைப் அடைச்சுக்கும்.

கொற சொல்லணும்னா இருக்கு. வெலை, சொல்லிட்டேன். சரக்கு கெட்டி, அதனால கூடுதல் சாமான். பிராண்டுக்கு பிராண்டு கொணம் மாறுது, ஒரு கம்பெனி ஃபோமுக்கு செட் பண்ண இண்டக்டர் இன்னொண்ணுக்கு சரியா வராது, அவசரத்துக்கு பக்கத்து கம்பெனில கடன் வாங்கி ஊத்த முடியாது. நம்ம தகர கூரை வெயிலுக்கு கேன நேரா கூரைக்கு கீழ அடுக்குனா ஆகாது, சித்திரை மாசம் உள்ள நின்னா மண்டை கொதிக்கும், கேன்ல 50 டிகிரிக்கு மேல வேணாம்னு போட்டிருக்கான், அதனால ஆபீஸ் ரூம் பின்னாடி கான்க்ரீட் கூரைக்கு மாத்துனோம். அப்பறம் இன்னொண்ணு, ஃப்ளூரின் இல்லனா அமிர்தம்னு அர்த்தமில்ல. சோப்பு சோப்புதான், மொத்தமா கண்மாய்ல கொட்டுனா தண்ணில இருக்க ஆக்சிஜன இழுத்து மீன் செத்து மெதக்கும். ஆனா மக்கிப் போயிடும், பேரப்பிள்ள காலம் வரைக்கும் கெடக்காது. இப்ப ட்ரில்ல கூட தரைல தார்ப்பாய் விரிச்சு, ஓரத்துல மணல் மூட்ட அடுக்கித்தான் அடிக்கிறோம். பசங்க குதிக்க விடுறதில்ல, வருத்தம்தான்.

பெரிய எடத்துல ஆகுமானு கேப்பீங்க. லண்டன் ஹீத்ரோ ஏர்போர்ட்டே பல வருசத்துக்கு முன்னாடி மாறிட்டான். ஆஸ்திரேலியால குயின்ஸ்லாந்து மாநிலம் 2016லயே பழச நிறுத்தச் சொல்லிடுச்சு. ஃப்ளூரின் இல்லாத ஃபோம 2000கள் ஆரம்பத்துல உருவாக்குனவரு டெட் ஷேஃபர், வேலை பாத்தது எங்கன்னு நெனைக்குறீங்க, 3எம்மோட ஆஸ்திரேலியா பிரிவுல. எந்த கம்பெனி பூட்டு போட்டுச்சோ அதே கம்பெனில இருந்துதான் சாவியும் வந்திருக்கு. அமெரிக்க ராணுவம் ரொம்ப நாள் அடம் புடிச்சுட்டு 2023 ஜனவரில ஃப்ளூரின் இல்லாததுக்கு தனி தர அளவு போட்டுச்சு. ஆனா பெரிய பெரிய எண்ணெய் டேங்க் வச்சிருக்கவங்களுக்கு ஐரோப்பாவே பல வருசம் டைம் குடுத்திருக்கு, அது எங்க மாதிரி குடோன் கதை இல்ல, அதுல நான் வாய் வைக்கல.

எங்களுக்கு யாரும் கட்டாயம் பண்ணல, லைசன்ஸுக்கு யாரும் இத கேக்கல. அப்பறம் ஏன்டா இம்புட்டு பாடுனு பக்கத்து யூனிட்காரரு கேட்டாரு. 2020 தீபாவளி ராத்திரி நம்ம நவபத்கானா தெருவுல ஜவுளிக்கட தீயில கட்டடம் இடிஞ்சு ரெண்டு தீயணைப்பு வீரங்க செத்தாங்கல்ல, அன்னைக்கு அந்த தெரு முக்குல நின்னு பாத்தவன் நான். அவங்க தொழிலே கேன்சருக்கு காரணம்னு 2022ல அந்த கேன்சர் அமைப்பு சொல்லிருக்கு. தீயில பொழச்சு வர்றவரு கையில நாம குடுக்குற நுரையும் வெசமா இருக்கணுமா. அத பக்கத்து யூனிட்காரருகிட்ட சொல்லல, சும்மா கஸ்டமர் கேட்டாங்கண்ணேனு முடிச்சுட்டேன்.

மார்க் போடணும்ல. புது ஃபோமுக்கு 5க்கு 4. கோயம்புத்தூர் டீலருக்கு 4.5, இண்டக்டர் விஷயத்த முன்னாடியே சொல்லியிருக்கலாம், அரை மார்க் அதுக்கு கட். மொத டீலருக்கு மார்க் இல்ல, எலை படத்துக்கு வேணா ஒண்ணு.

ஒண்ணே ஒண்ணு இன்னும் முடியல. பழைய சரக்கு. ஒம்போது கேன், சிலிண்டர்ல இருந்து எறக்குனது ரெண்டு பேரல், கழுவுன தண்ணி நாலு பேரல், எல்லாம் பின்னாடி ரூம்ல தேதி எழுதி, கீழ ட்ரே போட்டு வச்சிருக்கேன். அபாயக் கழிவு எடுக்குற கம்பெனி ஒண்ணுக்கு நாலு தடவ போன் பண்ணியாச்சு, 1,100 டிகிரிக்கு மேல எரிப்பீங்களானு கேட்டேன், மேல கேட்டு சொல்றேன்னவரு இன்னும் மேலேயேதான் இருக்காரு. இதுக்கு நடுவுல போன வாரம் ரோட்டுல போற லாரி செட் ஓனர் ஒருத்தரு மாமாவ புடிச்சிட்டாரு, "சும்மாதான கெடக்கு மாப்ள, பாதி வெலைக்கு எனக்கு குடுத்துரு, வண்டி கழுவ ஆகும்"னு. மாமா என்னைய திரும்பி பாத்தாரு, பில்லு ஞாபகம் வந்திருக்கும் போல. நான் ஒண்ணும் பேசல. அந்த ரூம் சாவி ஆபீஸ் ஆணில தொங்கும், அன்னைக்கு சாயங்காலம் அத கழட்டி என் பைக் சாவியோட சேத்து மாட்டிக்கிட்டேன்.